லிமிடெட் எடிஷன் பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு: ஜிடி 650 ஆண்டுவிழாப் பதிப்பை முன்வைத்து ஒரு வழிகாட்டி

லிமிடெட் எடிஷன் பைக்கை ஷோரூமில் புதிதாக வாங்கும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தனது 120-ஆம் ஆண்டை ஒட்டி இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரண்டு மாடல்களிலும் ஓர் ஆண்டுவிழாப் பதிப்பைக் கொண்டுவந்தது. உலகம் முழுவதற்கும் 480 பைக்குகள். அதில் இந்தியாவுக்கு மாடலுக்கு 60 வீதம் 120. 2021 டிசம்பர் 6 அன்று இணையத்தில் விற்பனை தொடங்கியது, இரண்டே நிமிடத்தில் முடிந்தும் போனது. அன்று தவறவிட்டவர்களுக்கு இனி செகண்ட் ஹேண்ட் சந்தை ஒன்றுதான் வழி.

அந்த வழியில்தான் நானும் ஒரு கான்டினென்டல் ஜிடியை வேறு மாவட்டத்து உரிமையாளர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பைக்கைத் தேடியதைவிட, அதை என் பெயருக்கு மாற்றுவதற்குள் பட்ட அலைச்சல்தான் அதிகம். அந்த அலைச்சலில் பாதியாவது அடுத்தவருக்கு மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன். உதாரணங்களுக்கு ஜிடி 650-ஐ எடுத்துக்கொண்டாலும், ஆவணங்கள் தொடர்பாகச் சொல்வது தமிழ்நாட்டில் வாங்கும் எந்த ஸ்போர்ட் பைக்குக்கும் பொருந்தும்.

1. அது உண்மையிலேயே எண்ணிட்ட பதிப்புதானா என்று பாருங்கள்

விளம்பரங்களில் "லிமிடெட் எடிஷன்" என்று போட்டிருப்பவற்றில் கணிசமானவை வெறும் ஸ்பெஷல் கலர் பைக்குகள். ரேஸ் அணியின் வண்ணத்தில் வந்த யமஹா ஆர்15 மோட்டோஜிபி எடிஷனையும், ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் வாங்குபவர் விருப்பப்படி கிட் சேர்த்து எடுத்த வண்டியையும் அந்தப் பெயரில் விற்கப் பார்ப்பார்கள். நல்ல பைக்குகள்தான்; ஆனால் இத்தனைதான் தயாரிப்போம் என்று நிறுவனம் அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுக் கொடுத்தவை அல்ல. அவற்றுக்குக் கூடுதல் விலை தரக் காரணம் எதுவும் இல்லை.

ஆண்டுவிழாப் பதிப்பு ஜிடியில் இதைச் சரிபார்ப்பது எளிது. டேங்கின் மேற்புறம் உள்ள பேட்ஜில், இந்த மாடலில் இந்தியாவுக்கு ஒதுக்கிய 60-இல் இது எத்தனையாவது என்ற எண் இருக்கும். டேங்க் கறுப்பு குரோம் பூச்சு கொண்டது. அந்தப் பூச்சு நிறுவனத்தின் பழைய திருவொற்றியூர் தொழிற்சாலையில் போடப்பட்டது. டேங்கின் பக்கவாட்டில் உள்ள பேட்ஜ் வார்ப்புப் பித்தளை. தலைமுறைகளாகக் கோயில்களுக்குப் படிமம் வார்க்கும் சிற்பக் குடும்பத்தின் கைவேலை. மெல்லிய கோடுகள் கையால் வரையப்பட்டவை. ஆகவே அருகில் போய் வெயிலில் சாய்வாகப் பார்த்தால், ஸ்டிக்கர் கோட்டின் ஓரம் போல் கத்தரித்த விளிம்பு தெரியக் கூடாது; கை ஓட்டத்தின் சிறு ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும்.

இன்ஜின் கறுப்பாக இருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். 2023-இல் வந்த புதுப்பித்த ஜிடி 650-இல் அலாய் வீல் உள்ள நிறங்களிலும் இன்ஜின் கறுப்புதான். அந்த வண்டியில் டேங்கை மட்டும் மாற்றி, ஆண்டுவிழாப் பதிப்பு என்று ஒருவர் சொன்னால், சக்கரத்தைப் பார்த்தாலே போதும். அசல் பதிப்பு ஸ்போக் வீலுடன் வந்தது.

2. பைக்கைப் பார்க்கக் கிளம்பும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

பைக்கை நேரில் பார்த்துவிட்டால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணத்தில் குறை இருந்தாலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். ஆகவே ஆர்சி, இன்சூரன்ஸ், முதல் உரிமையாளர் பெற்ற ஷோரூம் இன்வாய்ஸ் ஆகியவற்றின் நகலை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆர்சியில் மாடல் பெயர், நிறம், தயாரிப்பு மாதம், ஆண்டு ஆகியவை இருக்குமே தவிர, டேங்கின் மீதுள்ள பதிப்பு எண் அதில் ஏறுவதில்லை. எனவே இந்த வண்டி இந்தப் பதிப்புதான் என்பதற்குக் காகிதச் சான்றாக நிற்பது ஷோரூம் இன்வாய்ஸும், பைக்குடன் நிறுவனம் கொடுத்த ஆவணங்களும்தான். இன்வாய்ஸ் தொலைந்துவிட்டது என்றால், சேஸ் எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியின் விவரத்தையும் சர்வீஸ் வரலாற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை உரிமையாளரே கேட்பதுதான் முறை. உங்களுக்கு அவர்கள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. 2021 டிசம்பருக்கு முந்தைய தேதியில் பதிவான வண்டி இந்தப் பதிப்பாக இருக்க முடியாது என்பது இன்னொரு எளிய சோதனை.

ஆர்சியில் உள்ள வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு உரிமையாளர் வரிசை, இன்சூரன்ஸ் காலாவதி, கடன் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை இ-சலான் தளத்தில் தனியே பார்க்க வேண்டும். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் தேடலாம்.

பார்க்காமலேயே அட்வான்ஸ் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, பைக்கைப் பார்சலில் அனுப்புகிறேன், டோக்கன் தொகை மட்டும் போடுங்கள் என்று வரும் பேச்சு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மோசடி. அரிய பைக் என்றால் வாங்குபவரின் அவசரம் அதிகமாக இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

3. நேரில் பார்க்கும்போது அசல் பாகங்களை எண்ணிப் பாருங்கள்

ஹேண்டில் கழுத்துக்கு அருகே ஃபிரேமில் பொறித்த சேஸ் எண்ணையும், இன்ஜின் எண்ணையும் ஆர்சியுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளைச் சுற்றி அரைத்த தடமோ புதிய பெயின்ட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்வதும் நல்லது. பிற்பாடு படிவங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்து டேங்க். இந்தப் பதிப்பின் மதிப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. சாதாரணப் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் டச்-அப் செய்துவிடலாம். கறுப்பு குரோமில் அது முடியாது. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள விளிம்பு, சீட் டேங்கைத் தொடும் இடம், கால் முட்டி உரசும் பக்கங்கள் ஆகிய மூன்று இடங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெளியே நின்ற வண்டியின் குரோமில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தோன்றியிருக்கும். துணியால் துடைத்தால் அவை போகா. மூடியைத் திறந்து டார்ச் அடித்து உட்புறத் துருவையும் பாருங்கள்.

பிறகு மாற்றிய பாகங்களின் பட்டியலைக் கேளுங்கள். 650 வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். ஆண்டுவிழாப் பதிப்பில் வந்த கறுப்பு சைலன்சர் ஜோடி அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தால் சரி. விற்றுவிட்டேன் என்றால், அது விலையில் கணிசமாகக் குறைய வேண்டிய வண்டி. கண்ணாடிகள், சீட், இண்டிகேட்டர், இரண்டாவது சாவி, பைக்குடன் வந்த கூடுதல் ஆக்சஸரிகள் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். அதிகச் சத்தம் போடும் சைலன்சருடன் ஓட்டினால் போலீஸ் அபராதம் விதிக்கவும் வாய்ப்புண்டு. வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தால் அதை ஆர்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையேல் பெயர் மாற்றத்தில் சிக்கும்.

4. ஓடாத வண்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை

இத்தகைய பைக்குகளில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். காட்சிப் பொருளாக நின்ற வண்டிக்குத் தனியான நோய்கள் உண்டு: பழைய பெட்ரோலால் இன்ஜெக்டர் அடைப்பு, செத்த பேட்டரி, இறுகிய பிரேக் காலிப்பர், காய்ந்து வெடித்த ஃபோர்க் சீல், கெட்டியான டயர். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 4821 என்றால் 2021-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரம். ரப்பர் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் 47 குதிரைத்திறன் வண்டியை வளைவில் சாய்க்காதீர்கள். இரண்டு டயர், பேட்டரி, ஆயில், பிரேக் திரவம், செயின் ஆகியவற்றுக்கான செலவைக் கணக்கிட்டு விலையில் கழியுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்வது முக்கியம். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், ஏதோ மறைக்கப்படுகிறது என்று சந்தேகிப்பதில் தவறில்லை. உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்றுவிடுங்கள். மற்றவற்றை அவர் பார்த்துக்கொள்வார்.

5. விலையை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள்

அதே ஆண்டு, அதே கிலோமீட்டர் உள்ள சாதாரண ஜிடி 650 உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். அதுதான் அடிப்படை விலை. அதற்கு மேல் கேட்கும் தொகை முழுவதும் பதிப்பு எண்ணுக்கும், அசல் பாகங்களுக்கும், காகிதங்களுக்குமானது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தொகை இறங்க வேண்டும்.

350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டிச் சிலர் பழைய வண்டிக்கும் விலை ஏற்றுவார்கள். புதிய 650-இன் விலை உயர்வு பழையதன் அடிப்படை விலையை ஓரளவு தூக்குவது இயல்புதான். ஆனால் அதைப் பதிப்புக்கான கூடுதல் தொகையோடு சேர்த்து இரண்டு முறை வசூலிக்க விடாதீர்கள்.

6. கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்

என் விஷயத்தில் அதிக நாள் இழுத்தது இதுதான். உரிமையாளர் கடனை எப்போதோ முடித்திருந்தார். கையில் வங்கி கொடுத்த என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இருந்தது. ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. கடன் முடிந்தால் அது தானாக நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உரிமையாளர் படிவம் 35-இல் கையொப்பமிட்டு, வங்கியும் கையொப்பமும் முத்திரையும் இட்டு, என்ஓசியுடன் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்தால்தான் நீங்கும். என்ஓசியில் செல்லுபடிக் காலம் குறிப்பிட்டிருந்து அது கடந்துவிட்டால், வங்கியிடம் புதிதாக வாங்க வேண்டும். கடன் கொடுத்த கிளை வேறு ஊருக்கு மாறியிருந்தாலோ, அந்த நிதி நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்திருந்தாலோ, கையொப்பம் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

எனவே ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால், அதை விற்பவர் நீக்கிய பிறகே மீதித் தொகை என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். "இரண்டையும் சேர்த்துப் பண்ணிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று புரோக்கர் சொல்வார். சேர்த்து விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் முழுப் பணமும் கைமாறிய பிறகு வங்கிக்கு நடப்பதில் விற்பவருக்கு அக்கறை இருக்காது.

7. பணமும் கையொப்பமும் ஒரே நாளில் நடக்கட்டும்

ஒரு பரிவர்த்தனையில் ஒரு நபர் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாகும். இந்த பைக்குகளின் விலை அந்த வரம்பைத் தாண்டும் என்பதால் வங்கிப் பரிமாற்றமே சரி. ஆர்சியில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்; மைத்துனர் கணக்கில் போடுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள்.

அன்று கையில் இருக்க வேண்டியவை: விற்பவர் கையொப்பமிட்ட படிவம் 29 (விற்றதற்கான அறிவிப்பு) இரண்டு பிரதிகள், இருவரும் கையொப்பமிட்ட படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பவரின் ஆதார், பான் நகல்கள், இரண்டு சாவிகள், சர்வீஸ் புத்தகம், ஷோரூம் இன்வாய்ஸ். இவற்றுடன் ஒரு டெலிவரி நோட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வண்டி எண், சேஸ் எண், பதிப்பு எண், விலை, ஒப்படைத்த தேதி, நேரம், கூடவே கொடுத்த அசல் பாகங்களின் பட்டியல் ஆகியவை வர வேண்டும். நேரம் எதற்கென்றால், அன்று காலை விற்பவர் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் பிறகு உங்கள் தலையில் விழக் கூடாது. மாலையில் நீங்கள் செய்தது அவர் தலையிலும் விழக் கூடாது.

வெற்றுப் படிவங்களில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு. விபத்து நேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் ஆர்சியில் இருப்பவரே உரிமையாளர் என்பதால், விவரமறிந்த விற்பனையாளர் இதற்கு ஒப்ப மாட்டார். நீங்களும் ஒப்ப வேண்டாம்.

8. பெயர் மாற்றம்

மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிவிட்டு, அச்செடுத்த தாள்களுடன் அசல் ஆவணங்களை அலுவலகத்தில் சமர்ப்பிக்கும் முறையை நான் பின்பற்றினேன். மத்திய விதிப்படி உள்நாட்டு பைக்கின் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். இதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம், தபால் செலவு சேரும். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால், அதில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிறு கண்ணி உண்டு. இணைய விண்ணப்பத்துக்கான ஓடிபி, வாகனப் பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்குத்தான் போகும். விற்பவர் அந்த எண்ணை மாற்றியிருந்தாலோ, ஷோரூம்காரர் தன் எண்ணையே கொடுத்திருந்தாலோ அங்கேயே நின்றுவிடும். பணம் கொடுக்கும் நாளில், விற்பவர் பக்கத்தில் இருக்கும்போதே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

9. வெளிமாநில வண்டியும் இறக்குமதி வண்டியும்

ஜிடி மாடலில் இந்தியாவுக்கே 60 என்றால், உங்களுக்குப் பிடித்த வண்டி பெங்களூருவிலோ டெல்லியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது விற்பவர் தன் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி பெற வேண்டும். பிறகு இங்கே வண்டியை நேரில் காட்டி, தமிழ்நாட்டின் ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்டி, டிஎன் எண் பெற வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறுவது தனி விண்ணப்பம். அது கைக்கு வந்தால் லாபம் என்று நினைத்துக்கொண்டு, விலைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். புதுச்சேரிப் பதிவு கொண்ட வண்டி மலிவாகத் தெரிந்தாலும் இந்த வரியைக் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று முடிவெடுங்கள்.

முழு வண்டியாக இறக்குமதியான டுகாட்டி, எம்வி அகஸ்டா போன்ற எண்ணிட்ட பதிப்புகளில் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதி ஆவணம்) கட்டாயம் கேளுங்கள். சுற்றுலாவுக்கான கார்னே அனுமதியில் தற்காலிகமாகக் கொண்டுவந்து, திருப்பி அனுப்பாமல் விற்ற வண்டிகளை அதிகாரிகள் பறிமுதல் செய்ய முடியும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு வண்டியும் இல்லை, பணமும் இல்லை. இவற்றின் பெயர் மாற்றக் கட்டணமும் 1,250 ரூபாய்.

10. இன்சூரன்ஸ்: பதிப்பு எண்ணின் கூடுதல் மதிப்புக்குத் தானாகக் காப்பு இல்லை

வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய ஆர்சி வருவதற்காகக் காத்திருந்தால் இந்தக் காலம் கடந்துவிடும். படிவம் 29, 30 நகல்களையும் விண்ணப்ப ரசீதையும் வைத்து உடனே தொடங்குங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியுடன் வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறும் வரை உங்களுடையதல்ல. விற்பவரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பு கட்டாயம் என்பதால், பாலிசி இருக்கிறது என்று விற்பவர் சொல்வது அந்தப் பகுதியை மட்டும் குறிக்கலாம். சேதக் காப்பு எப்போதோ காலாவதியாகியிருக்கலாம். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

நீங்கள் கொடுத்த விலையும் பாலிசியில் வரும் ஐடிவி தொகையும் (வண்டிக்கு நிறுவனம் காப்பளிக்கும் மதிப்பு) ஒன்றல்ல என்பதைக் கணக்கில் வையுங்கள். ஐந்து ஆண்டு வரையான வண்டிக்கு ஐடிவி, அந்த மாடலின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து வருவது. நான்கு முதல் ஐந்து ஆண்டுக்குள் அது 50 சதவீதக் கழிவு. பித்தளை பேட்ஜுக்கும் எண்ணுக்கும் அதில் தனி இடம் கிடையாது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யலாம் என்பதால், 2021-இன் கடைசியில் வந்த இந்தப் பதிப்புக்கு 2026 டிசம்பருக்குப் பிந்தைய புதுப்பித்தலில் ஷோரூம் இன்வாய்ஸ், வாங்கிய விலைக்கான வங்கிச் சான்று, டேங்க் பேட்ஜின் படங்கள் ஆகியவற்றை முன்வைத்து உயர்ந்த மதிப்பைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நிறுவனத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். ஒப்புக்கொண்ட தொகை பாலிசித் தாளில் அச்சாகி வந்த பிறகே பிரீமியம் கட்டுங்கள்.